பாவாடைக்கு முன்னால் ஒட்டடை

எங்கள் வீட்டில் ஒரு பாவாடை தைக்க நடந்த ஆயத்தத்துக்கு ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாவாடை என்னுடையது. ஒவ்வொரு நாளும் வயிறு எரிந்தவள் நான்.

அனுமந்தன்பட்டியில் எங்கள் தெருவில் அப்போது யாரிடமும் தையல் மிஷின் கிடையாது. அம்மாவின் தங்கையான என் சின்னம்மா வாழ்க்கைப்பட்ட ஜெயமங்கலத்து வீட்டில் ஒன்று இருந்தது. கையால் சுற்றுகிற மிஷின். அதன் மேல் அவளுடைய மாமியாருக்கு அப்படி ஒரு பெருமை. மருமகளைப் பிறந்த வீட்டுப் பக்கம் அனுப்பச் சொன்னால் மட்டும், "இங்கன களத்துல நெல்லு கெடக்கு. இவ அங்கன போயி உக்காந்துக்கிட்டா யாரு பாப்பாக?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மிஷினைக் கேட்டாலோ முகம் மலர்ந்துவிடும். வெளியூரிலிருந்தெல்லாம் கேட்டு வருகிறார்கள் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாமே! அந்நியர் கை பட்டால் கெட்டுவிடும் என்று மிஷினுக்குத் துணையாக மருமகளையும் அனுப்புவார். தைத்து முடித்த மறுநாளே பஸ் ஏறிவிட வேண்டும் என்பது கண்டிஷன். அதனால் என் அம்மா, தங்கையை அனுப்புங்கள் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. மிஷினைத்தான் கேட்பாள்.

அது யுத்த காலம். துணிக்குக் கட்டுப்பாடு. கண்ட்ரோல் கடையில் கால்கடுக்க நின்று ஐயா கொஞ்சம் வெள்ளை மல் துணி வாங்கி வந்தார். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அதில் எனக்கு ஒரு பாவாடை, மிச்சத்தில் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ரவிக்கை என்று பேச்சு. வீரபாண்டித் திருவிழாவுக்குப் புதுப்பாவாடையோடுதான் வருவேன் என்று தெருப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் நான் சவால் விட்டாகிவிட்டது. திருவிழாவோ அடுத்த வாரம். பழைய கிழிசலோடு போய் நின்றால் என் மானம் என்னாவது?

கரி போட்டு ஓடுகிற பஸ்ஸிலிருந்து, சாக்கில் சுற்றிய மிஷினோடு சின்னம்மா முகமெல்லாம் புகையாக இறங்கினாள். அம்மா மிஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையால் தங்கையின் முகத்தைத் துடைத்து, "என்னடி இம்புட்டு எளச்சுப் போயிட்ட!" என்றாள். நான் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"வீட்டப் பாருடி, குப்பக்காடா கெடக்கு. இதுக்குள்ள வெள்ளத் துணிய விரிக்க முடியுமா? மொதல்ல ஒட்டடை அடிக்கணும்" என்றாள் அம்மா.

ஒட்டடை அடித்தார்கள். அடித்தார்கள் என்றால், ஒருத்தி கம்பைப் பிடிக்க ஒருத்தி பேச, ஒருத்தி பேச ஒருத்தி சிரிக்க, சாயங்காலம் வரை அடித்தார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, துணியில் கத்திரி வைக்கக் கூடாதாம். பரணிலிருந்த பானை சட்டிகளை இறக்கிக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்கள். பாவாடைக்கும் பரணுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த நாள் அஷ்டமி. பாய், தலையணை எல்லாம் வெளியே வந்தன. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக்கூட சாம்பல் போட்டுத் துடைத்தார்கள். பட்டப்பகலில் தைப்பதற்கு விளக்கு எதற்கு? மிஷினோ மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

ஐயா சாப்பிட உட்கார இடமில்லாமல் தட்டோடு நின்றார். "வீட்டக் கட்டிப் பாரு, கல்யாணம் பண்ணிப் பாருன்னு சொன்னாக. பாவாடை தச்சுப் பாருன்னு ஒண்ணச் சேக்காம விட்டுட்டாக" என்றார்.

"சுத்தம் சோறு போடும் மச்சான்" என்றாள் சின்னம்மா.

"சோறு போடட்டும். எனக்குப் பாவாடை எப்பப் போடும்?" என்று நான் கத்தினேன். அக்காவும் தங்கச்சியும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இவர்களை நம்பிப் பிரயோசனமில்லை என்று தெரிந்துபோயிற்று. மறுநாள் கோழி கூவும்போதே எழுந்தேன். வாசல் முதல் கொல்லை வரை கூட்டினேன். பாய்களைச் சுருட்டினேன். கோழிகளைப் பிடித்துப் பஞ்சாரத்தில் அடைத்தேன். மிஷினைத் துடைத்து நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தேன். அதைத் தூக்கியதில் இடுப்பே விட்டுப்போயிற்று. பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அம்மாவின் முகம் தொங்கிப்போனது.

"அடியே, ஒன்னைய யாருடி இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"எல்லாம் முடிஞ்சிருச்சு. தைங்க" என்றேன்.

சின்னம்மா மிஷினின் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "கத்திரி வைக்கிற எடம் மெழுகியிருக்கணும். அதச் செய்யலையே நீ" என்று சாணியைக் கரைக்கக் கிளம்பினாள். பஞ்சாரத்துக் கோழி வெளியே வந்துவிடாமல் காவல் இருக்கச் சொல்லி என்னை வாசலுக்கு விரட்டினாள். நானும் சந்தோஷமாகக் கோழிக்குக் காவல் இருந்தேன். உள்ளே துணி விரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் "ஐயையோ!" என்றாள் அம்மா.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஈரம் காயாத சாணித் தரையில் வெள்ளைத் துணியை விரித்திருந்தார்கள். தூக்கியபோது அடிப்பக்கமெல்லாம் பச்சைத் திட்டு. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அந்த இரண்டு பேரும் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இவர்கள் மனுஷிகள்தானா என்றிருந்தது.

ஐயா வந்து துணியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நடக்கப் பழகுனதுலருந்து தரை மெழுகுறவுக ரெண்டு பேரும். ஈரம் கூடவா தெரியல?"

"பேச்சு வாக்குல கவனிக்கல மச்சான்" என்றாள் சின்னம்மா, தலையைக் குனிந்தபடி.

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "சரி, பஸ்ஸுக்காரர்கிட்ட ஜெயமங்கலத்துக்குச் சொல்லிவிட்டுர்றேன், துணி இன்னும் காயலேன்னு" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

துவைத்தும் கறை போகவில்லை. மஞ்சளை இடித்துக் கொதிக்கவிட்டுத் துணியையே முக்கி எடுக்கலாம் என்றாள் சின்னம்மா. மஞ்சள் இடிக்க ஒரு நாள், முக்க ஒரு நாள், நிழலில்தான் காயணும் என்று இன்னொரு நாள். எல்லாம் ஆனபிறகு சின்னம்மா மிஷினில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் மூன்று உருப்படியையும் தைத்து எறிந்தாள். இவ்வளவுதானா தையல் என்று நான் வாயைப் பிளந்தேன்.

மறுநாள் திருவிழா. சின்னம்மா பஸ் ஏறுவதற்கு முன்னால் மூன்று பேரும் மஞ்சளாகப் போனோம். பாவாடை என்னவோ அருமையாகத்தான் இருந்தது. வியர்வையில் சாயம் இறங்கி என் காலெல்லாம் மஞ்சளானதைப் பற்றிக்கூட நான் கவலைப்படவில்லை. சவாலில் ஜெயித்துவிட்டேனே! கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள்தானே மஞ்சள் உடுத்தி வருவார்கள்?

"குடும்பத்தோட வந்திருக்கீகளே, என்ன நேத்திக்கடன் தாயி?"

அம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டத ஆத்தா குடுத்துட்டா பெரியம்மா. அதான் வந்தோம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, சாணிக் கறையை மறைக்கத்தான் மஞ்சள் முக்கினோம் என்பது எனக்குத் தெரியாதா? அம்மன் சன்னதியில் நின்றுகொண்டு இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறாளே! சின்னம்மாவும் அதை மறுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாளே! அம்மாவின் கண்ணைக் குத்திவிடாதே தாயே என்று, அவளுக்கும் சேர்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.