யார் விட்ட புகை

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அனுராதாவுக்கு வாய் அதிகம் என்று பெயர். மேனேஜரையே மடக்குவாள், ஆட்டோக்காரரிடம் வங்காள மொழியிலேயே மல்லுக்கு நிற்பாள். அப்பேர்ப்பட்டவள், அன்று குழந்தை மருத்துவர் முன்னால் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

மகன் உதய்க்கு எட்டு வயது. பாதிக் கணக்கில் எழுந்து டிராம் பார்க்கப் போய்விடுவான். பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வராத வாரமில்லை. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் திமிர் என்றார்கள். உபதேசம் செய்ய எல்லாருக்கும் நேரம் இருந்தது. மருத்துவர் மட்டும் பொறுமையாகச் சோதித்துவிட்டு, இது கவனக்குறைபாடு என்றார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, கவனத்தை இழுத்துப் பிடிக்கும் மூளைப்பகுதி கொஞ்சம் மெதுவாகத்தான் வளர்ந்து வருமாம். பிறகு, கர்ப்பமாக இருந்தபோது சிகரெட் உண்டா என்று கேட்டார்.

அனுராதா வாய் திறப்பதற்குள் கணவன் வெங்கட்ராமன் முந்திக்கொண்டான். அப்போது வீட்டுக்குள்ளேயே பிடித்தது தான்தான், மனைவிக்கு அந்த நாற்றமே ஆகாது என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் மனைவியைப் பற்றி ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவள் வாயை அடைத்தது.

பக்கத்திலிருப்பவர் விடும் புகையும் கெடுதல்தான், ஆனால் பரம்பரை உட்படப் பல காரணங்கள் உண்டு, இதுதான் என்று எதையும் கைகாட்ட முடியாது என்றார் மருத்துவர். வெங்கட்ராமன் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

உண்மை என்னவென்றால், உதய் வயிற்றிலிருந்தபோது அனுராதாவும் பிடித்தாள். ஆபீஸ் வாசல் டீக்கடையில், கூட வேலை செய்பவர்களோடு. நாளைக்கு விட்டுவிடலாம் என்று தினமும் நினைத்துக்கொண்டு, ஏலக்காயை மென்றபடி வீட்டுக்கு வருவாள். வெங்கட்ராமன் மேலேயே அந்த வாடை இருக்கும்போது அவனுக்கு எங்கிருந்து தெரியும்?

கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் அதிகாரியான வெங்கட்ராமன் சிகரெட்டை எப்போதோ விட்டுவிட்டான். இப்போது முருகனுக்கு வேண்டிக்கொண்டு செருப்பையும் விட்டான். பையன் தேறும்வரை, ஆபீஸ் நேரம் தவிர வெறுங்கால்தான். மழைக்காலத்துக் கொல்கத்தாச் சேற்றில் நடந்தான். லேக் மார்க்கெட்டில் காய் வாங்க வந்த தமிழர்கள், என்ன பக்தி என்று மெச்சினார்கள். அனுராதாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையைக் கெடுத்தவள் என்று இவன் ஒருமுறை நினைத்துவிட்டால் அப்புறம் எப்படி இந்த வீட்டில் இருப்பது? அந்தப் பயத்தில், சொல்ல வந்ததையெல்லாம் விழுங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக்கடை வாசலில் உடைந்து கிடந்த மண்குவளை ஓடு வெங்கட்ராமனின் குதிகாலைக் கிழித்துவிட்டது. வீட்டில் அனுராதா அவன் காலடியில் உட்கார்ந்து பஞ்சால் துடைத்தாள். ரத்தம் பார்க்க ஓடிவந்த உதய் டெட்டாலைத் தட்டிவிட்டான். வெங்கட்ராமன் திட்டவில்லை. பையனை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"அப்பாவாலதான்டா உனக்கு இப்படி ஆச்சு. மன்னிச்சுக்கடா."

"எனக்கு என்ன ஆச்சு?" என்றான் உதய். பதிலுக்குக் காத்திராமல் பால்கனிக்கு ஓடிவிட்டான்.



"நீங்க இல்லைங்க," என்றாள் அனுராதா. "நான் பிடிச்சேன். இவன் வயித்துல இருந்தப்ப. ஆபீஸ் வாசல்ல, தினமும்."

 வெங்கட்ராமன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"டாக்டர் கேட்டப்ப பக்கத்துலதானே இருந்தே?"

"இருந்தேன்."

"நான் செருப்பைக் கழட்டினப்ப?"



வெங்கட்ராமன் அவள் கையிலிருந்த பஞ்சை வாங்கி, மீதிக் காயத்தைத் தானே துடைத்துக்கொண்டான்.