வெளுக்காத நீலம்

சோதனைக்குழாயில் நீலச் சாயம் வெளுப்பதை முதன்முதலில் பார்த்த அன்றே அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் அப்போதுதான் சோதனைகளைச் செய்துகாட்டும் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். மார்க்கெட்டில் பாய் கடையிலிருந்து, அப்போதே அறுத்த ஆட்டின் ஈரலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துச் சைக்கிளில் கொண்டுவருவேன். அதை அரைத்து, சாயம் கலந்து, காற்றுப் படாமல் மேலே எண்ணெய் விட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் நீலம் காணாமல் போகும். ஆடு செத்த பிறகும் அதன் மைட்டோகாண்டிரியாவில் நொதிகள் வேலை செய்வதால்தான் அப்படி. தின்ற சோற்றைச் சக்தியாக்கும் இந்த மைட்டோகாண்டிரியா அடுப்பு உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, வயதாக ஆக அது மங்குகிறது என்றேன். "அப்ப என் அடுப்பு அணைஞ்சிகினு கீதுடா தம்பி" என்று அக்கா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லாவரத்தில் தோல் பதம் போடும் ஷெட்டில் பகல் முழுக்க நின்று, எங்கள் வீட்டில் முதல் ஆளாக என்னைப் படிக்கவைத்தவள் அவள். முப்பதைத் தாண்டியதுமே இமைகள் இரண்டும் தொங்கிவிட்டன; எதிரில் இருப்பவரைப் பார்க்க விரலால் இமையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தலை வாரத் தூக்கிய கை பாதியிலேயே விழுந்துவிடும். ராஜகீழ்ப்பாக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டர், "பாட்டிம்மாவுக்கு எடம் குடுங்கப்பா" என்றபோது, "யார்ரா அந்தப் பாட்டி?" என்று என்னைக் கேட்டாள். டாக்டர்கள் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதினார்கள். புகுந்த வீட்டிலோ எல்லாம் நடிப்பு, வேலைக்கள்ளி என்று சொல்லி எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து விட்டுப் போய்விட்டார்கள். அக்கா குணமாவாளா என்று கேட்டதே இல்லை. "நான் நடிக்கலன்னு உன் நீலம் சொல்லுமாடா?" என்றுதான் கேட்டாள்.

எங்கள் துறைப் பேராசிரியரிடம் மன்றாடினேன். அக்காவின் தொடைத் தசையில் ஒரு துண்டு கிடைத்தால் பார்க்கலாமா சார் என்றேன். "மருந்து கிடைக்கும்னு நம்பாதீங்க. நீலம் சரியா வெளுக்கலன்னா, பழுது நொதியிலதான்னு வேணா ஒரு தடயம் கிடைக்கலாம். பச்சையா வரணும், ஐஸ்ல வரணும்" என்றார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் ஒருவரும் சம்மதித்தார். இரண்டு துண்டு எடுத்து ஒன்றை எனக்குத் தருவதாகப் பேச்சு.

ஆபரேஷன் அறையின் கதவோரம் ஐஸ் பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு நின்றேன். கதவு திறந்ததும் எனக்கு முதலில் வந்தது வாடைதான். "கெட்டுப் போவக்கூடாதுன்னு ரெண்டு பீஸையும் ஃபார்மலின்ல போட்டுட்டேன் சார். இனிமே ஒரு வருசம் ஆனாலும் அப்படியே இருக்கும்" என்று ஆஸ்பத்திரி ஊழியர் பாட்டிலை நீட்டினார். அவரை என்ன சொல்வது? வெட்டியெடுத்த எதையும் ஃபார்மலினில் போடுவது அங்கே கை தானாகச் செய்கிற வேலை. அழுகாமல் காக்கிற அந்தத் திரவம்தான் நொதிகளைக் கொல்கிறது. தெரிந்தும் பாட்டிலை ஐஸில் வைத்து மின்சார ரயில் ஏறினேன். மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூடியைத் திறந்து ஐஸ் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மூடியைத் திறந்ததுமே பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தத் துண்டை அரைத்துச் சாயம் கலந்தார். சாயங்காலம் வரை நீலம் அசையவே இல்லை.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "தோல் ஷெட்டுக்காரிய தோலாட்டமே பதம் போட்டுட்டானா?" என்று சிரித்தவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, "இன்னொரு தொடை கீதுல்ல, எடுத்துக்கோ" என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்த துண்டிலும் வியாதி இன்னதென்று தெரியவில்லை; ஆனாலும் சர்ஜன் மறுத்துவிட்டார். இந்த மூச்சை வைத்துக்கொண்டு இன்னொரு முறை மயக்க மருந்து தாங்காது என்றார். அவர் வீட்டு கேட்டில் மழையில் நின்று கெஞ்சினேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மூச்சை இழுத்துவிடும் தசைகளும் ஓய்ந்து அக்கா போய்விட்டாள். சாவுக்கு வந்த புகுந்த வீட்டார், "என்னா வியாதின்னு யாருக்கும் தெரியலியே" என்று வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் ஆண்டுதோறும் அந்தச் சோதனையைப் பையன்களுக்குச் செய்துகாட்டுகிறேன். நீலம் வெளுத்ததும் கைதட்டுவார்கள். இந்த ஆண்டு ஒருவன், "வெளுக்கலன்னா என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டான்.

"நொதி முன்னாடியே செத்திருக்கலாம். நாமளே கொன்னிருக்கலாம். குழாயைப் பார்த்துச் சொல்ல முடியாதுப்பா" என்றேன். அவன் எழுதிக்கொண்டான். என் கையிலிருந்த குழாயில், எண்ணெய்க்கு அடியில், ஆட்டின் ஈரல் நீலத்தை முழுக்க வெளுத்துவிட்டிருந்தது.