ஜானி பாஷா மலை சுற்றிய காரணம்

எழுபத்தெட்டாம் வருஷம் திருவண்ணாமலையில் ஒரு செய்தி கிளம்பியது. செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜானி பாஷா, பௌர்ணமியன்று வெறுங்காலோடு மலை சுற்றினாராம். கிளம்பியபோது செய்தி அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் பாஷா கையில் கற்பூரம் எரிந்தது. வேங்கிக்காலைத் தொட்டபோது கழுத்தில் உருத்திராட்சம் ஏறியிருந்தது. அங்கிருந்து டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறிய செய்தி, ஆரணியில் இறங்கும்போது அவருக்கு ஒரு புதுப் பெயரையே வைத்துவிட்டிருந்தது.

இதில் தொல்லை என்னவென்றால், யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வன்மத்தோடு பரப்பினால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். அன்போடு பரப்புகிறவர்களை என்ன செய்வது? மலைப்பாதையில் மோர் விற்கிற வெள்ளையம்மாள் கண்ணால் பார்த்த சாட்சி.

"பாவம், காலெல்லாம் முள்ளு. நான்தான் மோர் குடுத்தேன். நம்ம பாயி மனசு தங்கம்யா" என்று கேட்டவரிடமெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாஷாவின் மகள் வஜீதாவுக்கு ஆரணியில்தான் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா அப்துல், பட்டு நூல் வியாபாரி. வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும், கேள்விப்பட்டது நிஜமானால் சம்பந்தம் இல்லை என்றும் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். பாஷாவின் மனைவி அஜ்மத் பேகம் அன்றே பேச்சை நிறுத்தினாள். சோறு வந்தது, உப்பு கம்மியாக வந்தது. வஜீதா தைத்துக்கொண்டிருந்த கல்யாண ரவிக்கையை ஊசியோடு மடித்துப் பெட்டியில் வைத்தாள். பாஷாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

செய்தி உண்மையா என்று விசாரித்தால், உண்மைதான். சுற்றினார்; வெறுங்காலோடு சுற்றினார்; அன்று பௌர்ணமியும்தான். என்ன காரணத்துக்காக என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை போலும்.

காரணம், ஃபுட்பால்.

பாஷாவும், பக்கத்து சலூன் வேணுவும், தாலுகா ஆபீஸ் கிளார்க் அப்பாதுரையும் 'காகித டீம்' என்று ஓர் ஆட்டம் ஆடினார்கள். மெட்ராஸ் லீக் தொடங்குவதற்கு முன்னால், சலூனுக்கு வரும் பேப்பரைப் பார்த்து ஆளுக்குப் பதினொரு ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர்கள் மெட்ராஸில் கோல் போட்டால், செங்கம் ரோட்டில் இவர்களுக்குப் புள்ளி ஏறும். தங்கள் டீம் ஆட்களில் ஒருவரைக்கூட மூவரும் கண்ணால் கண்டதில்லை. அதனால் அபிப்பிராயம் சொல்வதற்கு அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

சீசன் தொடங்கும் முன் ஆளுக்கொரு ஆருடமும் சொல்லியாக வேண்டும். நடக்கக்கூடியதைச் சொன்னால் செல்லாது. கேட்கிறவன் சிரிக்க வேண்டும். பலித்தால் வருஷம் முழுக்கப் பெருமை. பொய்த்தால் தண்டனை. அந்தத் தண்டனையை வேணு முதலில் காசாகத்தான் வைக்கப் பார்த்தான்.

"காசு வெச்சா அது சூதாட்டம். எனக்கு ஹராம். நான் வரல" என்றார் பாஷா.

"அப்ப காசு வேணாம், காலை வை பாய். தோத்தவன் மலையைச் சுத்தி வரட்டும்" என்றான் வேணு.

"அது உங்க சாமி சமாசாரமாச்சேடா?"

அப்பாதுரை சர்க்கார் ஆள். விதி எழுதப் பிறந்தவர். "செருப்பு போட்டுக்கினு சுத்துனா அது வெறும் நடை பாய். கழட்டுனாத்தான் கிரிவலம். இந்த ரூலுக்கு உங்க பக்கமும் ஆட்சேபணை வராது, எங்க பக்கமும் வராது."

ஆக, மார்க்கத்துக்கு விரோதமாக எதுவும் நடந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் பாஷா மலையை ஒப்புக்கொண்டார். இதைச் சொன்னால் ஊரில் எவன் நம்புவான்?

அந்த வருஷம் பாஷா சொன்ன ஆருடம் இது: "இந்த சீசன்ல எல்லாரையும் விட ஜாஸ்தி கோல் போடப் போறவன் சகாதேவன்."

சலூனில் பாதி ஷேவிங்கில் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். சகாதேவன் பேக் ஆட்டக்காரர். தன் கோல் பக்கம் நின்று எதிராளியைத் தடுப்பதுதான் அவர் வேலை. அவர் கோல் போட்டதாக எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

"அதான் சொல்றேன். இத்தினி வருஷமா சேத்து வெச்சிருக்கான். ஒரேடியா கொட்டுவான் பாரு" என்றார் பாஷா.

சகாதேவன் அவரை முழுக்க ஏமாற்றவில்லை. ஒரு கோல் போட்டார். தன் டீமின் வலைக்குள்.

"கோல் கோல்தானே?" என்று பாஷா வாதாடிப் பார்த்தார். "கணக்குல எடுத்துக்கறேன் பாய், கழித்தல் கணக்குல" என்றார் அப்பாதுரை.

கடைக்கு விடுமுறை விடும் நாளில் பாஷா தண்டனைக்குக் கிளம்பினார். பௌர்ணமியும் அன்றே வந்து சேர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. விதிப்படி காலில் செருப்பு. சாட்சிக்கு வேணு, பாஷா கடைச் சைக்கிளிலேயே, வாடகை கொடுக்காமல் கூட வந்தான். அடிஅண்ணாமலை தாண்டியதும் பாஷாவின் செருப்பு வார் அறுந்தது. சைக்கிளில் ஏறினால் சுற்று செல்லாது. மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். வேணு தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். பாஷாவின் பாதத்தில் பாதிதான் அதற்குள் போனது. வேறு வழியில்லாமல் அறுந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, முள்ளும் கல்லுமாகக் கிடந்த பாதையில் நொண்டி நொண்டி நடந்தார். அந்தக் கோலத்தைத்தான் வெள்ளையம்மாள் பார்த்தாள். மோரை நீட்டினாள். தாகம், வாங்கிக் குடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அப்துல் கடைக்கு வந்தார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை, சிரிப்பில்லாத முகம். வேணுவும் அப்பாதுரையும் சாட்சி சொல்லத் தயாராக நின்றார்கள்.

"ஒண்ணுதான் கேக்கறேன். மலையைச் சுத்தினீங்களா, இல்லையா?"

"சுத்தினேன் பாய்."

வேணு முந்திக்கொண்டான். "ஐயா, அது ஃபுட்பால் விஷயமுங்க. நாங்க மூணு பேரும் டீம் வெச்சிருக்கோம்."

"எந்த கிரவுண்டுல ஆடுது?"

"கிரவுண்டு இல்லீங்க. பேப்பர்ல."

"ஆட்டக்காரங்க யாரு?"

"மெட்ராஸ் ஆளுங்க. ஆனா அவங்களுக்கு இது தெரியாது. நாங்க சொன்ன மாதிரி அவங்க கோல் போடலன்னா, சொன்னவன் மலையைச் சுத்தணும்."

அப்துல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அவங்களுக்கே தெரியாம அவங்க உங்க டீம்ல ஆடறாங்க. அவங்க கோல் போடலன்னு இவர் இங்க மலையைச் சுத்தறார். என்னைப் பாத்தா எப்படிப்பா தெரியுது உங்களுக்கு?"

"வேணும்னா நான் எழுதிக் கையெழுத்து போட்டுத் தர்றேன். கவர்ன்மென்ட் ஆளு" என்றார் அப்பாதுரை.

"அப்ப நிச்சயமா பொய்தான்" என்று அப்துல் எழுந்துவிட்டார்.

பாஷாவுக்கு மடித்து வைத்த ரவிக்கை கண்ணுக்குள் வந்து நின்றது. "தப்பு என்னுது பாய். பொண்ணு என்ன பண்ணுவா? சகாதேவன்தான் ஜாஸ்தி கோல் போடுவான்னு சவடால் பேசினவன் நான்."

வாசல் வரை போன அப்துல் நின்றார். "யாரு?"

"சகாதேவன்."

"அந்த பேக்கா?"

"ஆமா பாய்."

"அவன் கோல் போடுவான்னா?"

"எல்லாரையும் விட ஜாஸ்தியா."

அப்துல் திரும்பி வந்து உட்கார்ந்தார். நூல் வியாபாரத்துக்காக மாசாமாசம் மெட்ராஸ் போகிறவர், போனால் ஒரு மேட்ச் பார்க்காமல் திரும்பாதவர் என்பது அப்போதுதான் இவர்களுக்குத் தெரிந்தது.

"யா அல்லா! அவன் நடுக்கோட்டைத் தாண்டி நான் பாத்ததே இல்லையேய்யா!" ஜிப்பா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொய் சொல்றவன் கொஞ்சமாவது நம்பற மாதிரி சொல்லுவான். இவ்ளோ பெரிய முட்டாத்தனத்தை எவனும் கற்பனை பண்ண முடியாது. நெசம்தான். நிக்காஹ் தேதியைப் பாருங்க."

கல்யாணம் நடந்தது. கறி வாங்கப் போனவன் வேணு; வரவேற்பில் நின்று வந்தவர்களையெல்லாம் வரிசையில் உட்கார வைத்தவர் அப்பாதுரை. அடுத்த சீசனிலிருந்து அப்துல் ஆரணியிலிருந்தபடியே ஒரு காகித டீம் நடத்தினார்.

ஊரில் கிளம்பிய செய்தியை பாஷா மறுக்கவே இல்லை. வேணு கேட்டதற்கு, "நாலு பேர் நம்மளைத் தங்கம்னு சொல்றாங்க. வேலையத்துப் போய் இல்லன்னு சண்டை போடவா? முள்ளு குத்தினவனுக்கு யாரு என்னன்னு கேக்காம மோர் குடுத்தா அந்தம்மா. இந்த ஊர்ல எனக்கு வேற என்னடா வேணும்?" என்றார்.

அவர் மனசில் ஒன்றே ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. மகளின் வாழ்க்கையைக் காப்பாற்றிக் கொடுத்த சகாதேவனுக்கு ஒரு தட்டு பிரியாணியாவது போட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினார். யாரோ ஒரு சைக்கிள் கடைக்காரர் ஏன் கூப்பிடுகிறார் என்று அந்த மனிதர் விழித்திருப்பார், பதில் இல்லை. வஜீதாவுக்கு இரண்டு பிள்ளைகள் ஆயின. எண்பத்துமூன்றில் சகாதேவன் ஆட்டத்தை விட்டுவிட்டதாகப் பேப்பரில் நாலு வரி வந்தது.

இப்போதும் ஆசிரமத்துக்கு வந்த மெட்ராஸ்காரர் யாராவது வாடகை சைக்கிள் கேட்டு வந்தால், உயரமாக, காலை அகட்டி நடக்கிறவராக இருந்தால், பாஷா பம்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஃபுட்பால் ஆடினவருங்களா?" என்று கேட்கிறார். இதுவரை யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. பிரியாணி பாக்கி நிற்கிறது.