பூனையும் எலியும் சமாதானமான கேசட்

பூனைக்கும் எலிக்கும் சமாதானம் செய்து வைத்தவன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பத்து வயதில் நினைத்தேன். இப்போது தலை பாதி நரைத்த பிறகும் அந்த எண்ணம் முழுதாகப் போய்விடவில்லை.

நான் அசல் பூனையையும் அசல் எலியையும் பார்த்தவள். எட்டு வயதில், அரைப்பரீட்சை லீவில், ஊரில் இருந்த ஒரு தியேட்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காலைக்காட்சி போட்டார்கள். படம் ஏதோ காட்டைப் பற்றியது. அதில் ஒரு காட்சிகூட மனதில் நிற்கவில்லை. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒரு பொம்மைப் படம் ஓட்டினார்கள். கார்ட்டூன் என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்து சேராத காலம். கையால் வரைந்தது எது அசைந்தாலும் அது பொம்மைப் படம்தான். பூனை எலியைத் துரத்தியது. எலி மேலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிவிட, பூனையின் முகமே இஸ்திரிப் பெட்டியாகிவிட்டது. பிறகு ரோடு ரோலர் ஒன்று அதன்மேல் ஏறி இறங்கியது. பூனை அப்பளமாகி, காற்றில் மிதந்து, ஜன்னல் வழியாக வெளியே போய், கதவு வழியாக உள்ளே வந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மறுபடியும் துரத்தியது. ஒவ்வொரு அடிக்கும் வாத்தியக்காரர்கள் சரியாக ஒரு தட்டு தட்டினார்கள். சினிமாவுக்குப் போனால் தூங்குவதையே வழக்கமாக வைத்திருந்த அப்பா, அன்றைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தப்பா மகன் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி. தேரடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரே வீட்டில் நாங்களும் சித்தப்பா குடும்பமும் இருந்தோம். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனிடம் ஓடி, ஒன்று விடாமல் சொன்னேன். தரையில் தட்டையாகப் படுத்துக் காட்டினேன். கன்னம் இரண்டும் உப்பியிருந்த அந்த நிலையிலும் அவன் வாயைக் கோணிக்கொண்டு, "ரோடு ரோலர் ஏறினா செத்துப்பூடும். ரீல் விடாத" என்றான்.

பொய்யை அளந்துவிடுகிறவளை ரீல் விடுகிறாள் என்பது ஊர் வழக்கம். என் விஷயத்தில் அது உண்மையாகவே ரீலில் ஓடியது என்பதுதான் கொடுமை. அன்றிலிருந்து நான் "ரீலு" ஆனேன். பள்ளியிலும் அதுவே நிலைத்தது. கணக்கு டீச்சர் இன்றைக்கு லீவு என்று நான் மெய்யாகவே தெரிந்து வந்து சொன்னால்கூட ஒருத்தரும் நம்புவதில்லை. அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஆமாம், ஏதோ பூனை ஒண்ணு வந்தது" என்பார். இப்படிச் சாட்சி சொன்னால் எந்த வழக்கு ஜெயிக்கும்? ஒரே ஒரு தடவை, அந்தப் பூனை அப்பளமாவதை இவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டிலேயே ஒரு எலியும் பூனையும் இருந்தார்கள். அம்மாவையும் சித்தியையும் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். யார் எலி, யார் பூனை என்பது நாளுக்கு நாள் மாறும். காலையில் அடுப்பு மூட்டும்போது ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயாது.

"பருப்புல உப்ப அள்ளிக் கொட்டிக்கீறியே, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அம்மா தொடங்குவாள்.

"உனுக்கு நாக்கு செத்துப்போச்சுக்கா. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்பாள் சித்தி.

பாத்திரங்கள் பறக்காவிட்டாலும் பாத்திரங்களின் சத்தம் பறக்கும். ஆனால் எதிர்வீட்டுக்காரி அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே வந்ததும் இருவரும் விட்ட இடத்திலிருந்து பருப்பைத் தொடர்வார்கள்.

பத்து வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சித்தப்பா வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கிற டெக்கை வாடகைக்கு எடுத்துவந்தார். வாடகைக் கடைக்காரர் கலர் டிவியையும் டெக்கையும் ரிக்‌ஷாவில் துணி சுற்றி, குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார். கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது இருந்தால்தான் தெருவில் டெக் எடுப்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாத்தான், எல்லாரும் ஒண்ணா குந்திப் பாக்கலாம்னு" என்றார் சித்தப்பா. எனக்குக் காரணமா முக்கியம்? கேசட்டுகளுக்கு நடுவே ஒன்றின் அட்டையில் பூனையும் எலியும் இருந்தன. அதே பூனை, அதே எலி. நான் தெருமுழுக்க ஓடி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். சித்தப்பா மகனை முன் வரிசையில், டிவிக்கு நேர் எதிரே உட்கார வைத்தேன்.

சாமி படம் முடிந்து எங்கள் கேசட்டைப் போட்டார்கள். பூனை வந்தது. எலியும் வந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தன.

துரத்தப்போகிறது பார் என்றேன். துரத்தவில்லை. கழுத்தில் ஒரே மாதிரி கைக்குட்டை கட்டிக்கொண்டு இரண்டும் மீன் பிடிக்கப் போயின. நடக்கும்போது கால் மட்டும் ஆடியது. பேசும்போது வாய் மட்டும் திறந்து மூடியது. உடம்பு பெயிண்ட் அடித்த பலகையாக அப்படியே இருந்தது. பின்னால் ஒரு மரம் போனது, ஒரு வீடு போனது, மறுபடியும் அதே மரம், அதே வீடு. கிரிவலம் போகிறவர்களுக்குக்கூட வழியில் லிங்கங்கள் மாறி மாறி வரும். இவர்களுக்குக் கடைசிவரை ஒரே மரம்தான். நடுவில் ஒரு யானைக்குக் காய்ச்சல் வர, பூனையும் எலியும் மருந்து வாங்கிக் கொடுத்தன. அடி இல்லை, உதை இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை. பின்னணி வாத்தியமும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டே வாசித்தது. அதே மூஞ்சிகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு அக்கிரமத்தைச் செய்ய எவனுக்கு மனது வந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டிவந்த பிள்ளைகள் "ஏ ரீலு, ரோடு ரோலர் எங்க?" என்று கத்திவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பெரியவர்களுக்கோ படம் ரொம்பப் பிடித்துவிட்டது. "எவ்ளோ ஒத்துமையா கீதுங்க பாருங்க அக்கா" என்றாள் சித்தி. "ஆமாம்மா, நீங்க காப்பி எடுத்துக்குங்க, ஆறுது" என்றாள் அம்மா. என் எரிச்சலுக்கு நடுவிலும் அந்த "ங்க" காதில் உறுத்தியது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒருநாளும் அப்படி ஒரு "ங்க" வந்து நான் கேட்டதில்லை. கொஞ்ச நாளாகவே பருப்பில் உப்பு ஜாஸ்தி என்று யாரும் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரமில்லை. அப்பாவிடம் போய், இது போலி, எனக்கு அசல் கேசட் வேண்டும் என்று காலை உதைத்து அழுதேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே ஒரு காலையில் வாசலில் மினி லாரி வந்து நின்றது. கீழ்பென்னாத்தூரில் சித்தப்பாவுக்கு மளிகைக்கடையும் அதை ஒட்டி வீடும் பார்த்து எல்லாம் முன்பே முடிவாகியிருந்தது. எனக்கு வாய் நிற்காது, தெருவெல்லாம் சொல்லிவிடுவேன் என்று என்னிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள். நான் எது சொன்னாலும் ரீல் என்கிற தெருக்காரர்கள் இதற்கு மட்டும் என்னை நம்பிவிடுவார்களாம்!

சாமான் எல்லாம் ஏறிய பிறகு ஒரு பித்தளை அண்டா மட்டும் வாசலில் நின்றது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது யாருக்கு என்று அம்மாவும் சித்தியும் அடித்துக்கொண்ட அண்டா.

"நீங்க எடுத்துக்கினு போங்கம்மா, அங்க தண்ணி கஷ்டம்" என்றாள் அம்மா.

"வேணாங்க்கா, நீங்களே வச்சிக்குங்க" என்றாள் சித்தி.

நீங்க, நீங்க என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே நின்றார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கடைசியில் யாரும் அதைத் தொடவில்லை.

எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். லாரியின் பின்னால் மெத்தைமேல் உட்கார்ந்திருந்த சித்தப்பா மகனிடம் போய், "ஞாயித்துக்கெழம அசல் கேசட் வருது. பஸ் ஏறி வந்துடணும், தெரியுதா?" என்றேன்.

அவன் மெத்தை ஓரத்துக்கு நகர்ந்து வந்தான். பிறகு, "வாணாம். பூன அப்பளமாச்சு, ஜன்னல் வழியா போச்சு, திரும்பி வந்துச்சு. நீ சொன்னதெல்லாம் நெஜம்தான். நான் நம்பறேன்" என்றான். ரீலு என்று கூப்பிடாமல் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னான்.

இரண்டு வருட வழக்கு! ஒரு சாட்சியும் இல்லாமல் ஜெயித்துவிட்டேன். லாரி தெரு திரும்புவதற்குள் நான் வீட்டுக்குள் ஓடினேன். அம்மா அடுப்பு மூட்டாமல் சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். "அவன் ஒத்துக்கினாம்மா! நான்தான் ஜெயிச்சேன்!" என்று குதித்தேன். அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன், இதற்குப் போய் யாராவது அழுவார்களா?