அஸ்ஹானின் தயிர்ச் சட்டிகள்

அஸ்ஹான் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருக்கிறார். காலைக் கூட்டத்தில் எவரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கதை நீளும், நின்றால் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்பது கொழும்பில் இரண்டு நாள் பயிற்சியில் அவர் கற்றுவந்த சாத்திரம். அந்தக் கால் மணித்தியாலம் அநேகமாக ஒரு மணித்தியாலம் ஓடும். சிவப்பு ரப்பர் பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம் என்பது இன்னொரு விதி. பந்து பெரும்பாலும் அஸ்ஹானின் கையிலேயே இருக்கும்.

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம், மீன்வலைக் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கிறது அந்த மென்பொருள் கம்பெனியின் கந்தோர். நெஞ்சளவுப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மொழிபெயர்ப்பு மேசை. காதைப் பொத்திக்கொண்டாலும் கண்ணுக்குத் தப்ப வழியில்லை.

அஸ்ஹான் கிண்ணியாக்காரர். நாற்பது வயதிருக்கும். மடிப்புக் குலையாத சட்டை, ஒழுங்காகக் கத்தரித்த தாடி, கழுத்தில் அந்தப் பயிற்சியில் மாட்டிவிட்ட அட்டை. பயிற்சி முடிந்து வருடமாகிறது. அட்டை இன்னும் இறங்கவில்லை. குழு சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பதில்லை, அதற்கு உதவுங்கள் என்றுதான் கம்பெனி அவரைப் பிடித்து வந்தது. அவர் வந்த பிறகும் முடிப்பதில்லை. முன்பு சும்மா பிந்தினார்கள். இப்போது முறைப்படி பிந்துகிறார்கள்.

முறை இதுதான். இரண்டு கிழமைக்கு ஓர் இலக்கு. சுவரில் மூன்று பத்தி: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் துண்டு. உப்புக் காற்றில் பசை பிடிக்காமல் துண்டுகள் உதிரும். அவற்றைப் பொறுக்கி ஒட்டுவதில் அஸ்ஹானின் முற்பகல் கழியும். இலக்குத் தவறினால் ஊரிலிருந்து ஒரு சட்டி எருமைத் தயிரும் அதில் ஊற்ற இனிப்புப் பாணியும் கொண்டுவருவார். எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, "மனசத் திறந்து கதைங்க. பிழை ஆருடயும் இல்ல, முறையிலதான் பிழை. அதத்தான் நாம தேடோணும்" என்பார். தேடுவார்கள். தயிரைச் சாப்பிடுவார்கள். காலிச் சட்டிகள் ஜன்னலோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. புதிதாக வருகிறவர்கள் பூக்கன்று வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். தடுப்புக்கு அந்தப் பக்கமும் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலாப் படகுகளில் ஆசனம் பதியும் செயலியைச் செய்விக்கிற கொழும்பு முதலாளி, பாதி வேலையில் போன் எடுத்து அதையும் போடு, இதை மாற்று என்பார். "ஓம் சேர், செய்யலாம்" என்பார் அஸ்ஹான். ஏலாது, முடியாது என்ற சொல் அந்த வாயில் ஒருநாளும் வந்ததில்லை. சுவரில் புதுத் துண்டு ஏறும், பழைய வேலை அந்தரத்தில் நிற்கும். குழுவை வெளித் தொந்தரவிலிருந்து காப்பதே தன் கடமை என்று தினமும் பாடம் நடத்துகிறவர் இவர். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை முதலாளி கடைசி எச்சரிக்கை விட்டிருந்தார். இலக்குத் தவறினால் வேலை கொழும்புக்குப் போகும், இந்தக் கந்தோர் பூட்டப்படும். மற்றவர்கள் கொழும்புக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள். குழுவில் இருக்கும் சுஹைராவால் முடியாது. அவள் மூதூரிலிருந்து தினமும் வந்துபோகிறவள். பொழுது படுவதற்குள் வீடு வந்துசேரலாம் என்பதால்தான் வாப்பா சம்மதித்தார். இலக்கும் ஒன்றே ஒன்றுதான்: கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால், ஆசனம் பதிந்தவர்களுக்கு உடனே குறுஞ்செய்தி போக வேண்டும். அந்த வேலை சுஹைராவின் கையில் இருந்தது.

அந்த இரண்டு வாரத்தின் முதல் நாள் கூட்டத்தில் அவள் பந்தைக் கேட்டு வாங்கினாள்.

"அஸ்ஹான் நானா, குறை நினைக்காதீங்க. நீங்க எல்லாத்துக்கும் ஓம் எண்டுறீங்க. அதாலதான் நம்மளுக்கு முடியுதில்ல. இந்த ஒருக்கா மட்டும் அவருக்கு ஏலாது எண்டு சொல்லுங்க. எனக்கு இத விட்டா வேற இடமில்ல."

அஸ்ஹானுக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. "இதத்தான் தங்கச்சி நான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். இப்பதான் நாம ஒரு டீம்" என்று கைதட்டினார். 'இடையில் புது வேலை எடுப்பதில்லை' என்று ஒரு மஞ்சள் துண்டில் அழகாக எழுதினார். சுவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் 'முடிந்தது' என்ற பத்தியில் ஒட்டினார்.

அதன்பின் பல நாள் போன் வரவில்லை. சுஹைரா கூட்டம் முடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் பின்னேரம்வரை எழும்ப மாட்டாள். நேற்று, ஒப்படைக்க ஒரே நாள் மிச்சமிருக்க, அஸ்ஹானின் போன் அதிர்ந்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். முதலாளிக்குச் செயலியின் முகப்பில் ஒரு திமிங்கிலம் நீந்த வேண்டுமாம். விரலால் தொட்டால் அது நீர் பீச்ச வேண்டுமாம். நாளைக்கே வேண்டுமாம்.

சுஹைரா கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அஸ்ஹான் வாயைத் திறந்தார், மூடினார், தொண்டையைச் செருமினார். மனிதர் சொல்லிவிடப் போகிறார் என்று இந்தப் பக்கம் நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஓம் சேர்" என்றார். "செய்யலாம்."

போனை வைத்தார். புதுத் துண்டு எழுதவில்லை, அவளைப் பார்க்கவுமில்லை. மேசை லாச்சியை இழுத்து, தயிர்க் கரண்டிகளை வெளியே எடுத்து, ஒன்றொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.