ராஜா கால்மேல் கால் போட்டார்

இது நான் கட்டிவிட்ட கதையில்லை. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

டென்மார்க்கில், ஜட்லாண்ட் பக்கம் ஒரு கிராமத்துத் தேவாலயம். வடக்குச் சுவரில் வெள்ளையடித்து மறைத்திருந்த எண்ணூறு வருஷத்து ஓவியம். அஸ்கர் கத்தி முனையால் சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பான். உள்ளேயிருந்து வருவது யார் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. அந்த டிசம்பரில் வந்தவர் ஒரு ராஜா. கிரீடம் இருந்தது, சிம்மாசனம் இருந்தது. பெயர்தான் இல்லை.

அந்தக் காலத்து ஓவியர்கள் பெரும்பாலும் ராஜாவின் குணத்தைக் காலில் காட்டிவிடுவார்கள். இரண்டு பாதமும் கீழே இருந்தால் நல்லவன். கால்மேல் கால் போட்டிருந்தால் ஏரோது... பச்சைக் குழந்தைகளை வெட்டச் சொன்ன பாவி.

இவருக்கு இரண்டு பாதமும் கீழே. பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்துக் கோடு கோடாக நகலெடுத்தேன்.

"இது நல்ல ராஜா மூஞ்சியா, தோரா? முழியே சரியில்ல. ஏரோதுதான்," என்றான் அஸ்கர்.

"காலைப் பாருடா. மூஞ்சிய வச்சா ரிப்போர்ட் எழுத முடியும்?"

'நல்ல ராஜா, தேவாலயத்தைக் கட்டிக்கொடுத்தவர்' என்று வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டேன். போதகர் போடில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். ஞானஸ்நானக் கல்தொட்டியை அன்றைக்கே ராஜாவின் காலடிக்கு நகர்த்திவிட்டார்கள். ஞாயிறு பத்தரைக்கு முதல் ஞானஸ்நானம். குழந்தை வேறு யாருமில்லை, அஸ்கரின் மகள் சிக்னே.

சனிக்கிழமை மதியம் 3.40. டிசம்பர் என்பதால் அதற்குள்ளேயே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் போட்டோ எடுக்கப் போனேன்.

ராஜா கால்மேல் கால் போட்டிருந்தார்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அஸ்கர்! தான் சொன்னதுதான் சரி என்று காட்ட, ராத்திரியோடு ராத்திரியாக வரைந்து வைத்திருக்கிறான். போன் போட்டுக் கத்தினேன்.

"சுவத்துல கை வச்சியா?"

"என்ன உளர்ற? வியாழக்கிழமையே சாவியக் குடுத்துட்டேன்."

"பொய் சொல்லாத. உன் வேலைக்கே உலை வச்சிருவேன்."

பட்டென்று போனை வைத்துவிட்டான்.

ஈரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று விரலால் தொட்டேன். காய்ந்து கல்லாக இருந்தது. பழைய விரிசல் ஒன்று முழங்கால் வழியாக ஓடியது. புது வண்ணம் என்றால் அதற்குள் இறங்கியிருக்கும். இறங்கவில்லை.

நகல் தாளை எடுத்துச் சுவரில் வைத்தேன். கிரீடம் பொருந்தியது. தோள் பொருந்தியது. கால்...

3.52. தாளுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்...

துணி உரசுகிற சத்தம்.

தாளை எடுத்தேன். நேற்று வரை நேரே பார்த்த கண்கள் இப்போது கீழே பார்த்தன.

தொட்டியை.

ஓடினேன்.

அஸ்கர் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. எப்படி எடுப்பான்? நான் பேசிய பேச்சு அப்படி. ஞாயிறு 10.20க்கு வாசலிலேயே அவனை மறித்தேன். குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"உன்னைச் சந்தேகப்பட்டது தப்புடா. கால்ல வேணாலும் விழறேன். சிக்னேய மட்டும் உள்ள கொண்டுபோகாத."

அவன் கதவிடுக்கு வழியாகச் சுவரைப் பார்த்தான். முகம் வெளுத்தது. குழந்தையோடு காருக்குத் திரும்பினான்.

மார்ச்சில் ஆவணக் காப்பகத்தில் அந்த ஓவியத்தின் பழைய நகல் ஒன்று கிடைத்தது. 1893லும் அந்தச் சுவரைத் திறந்திருக்கிறார்கள். நகலெடுத்தவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'நல்ல ராஜா என்று போதகரிடம் சொன்னேன். தொட்டியை அங்கே வைத்தார்கள். மறுநாள் கால்மேல் கால்.'

மறுபடி வெள்ளையடித்தது 1894 பிப்ரவரியில். அதற்குள் அங்கே ஐந்து குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்து இறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். ஐந்து பெயரும் அதில் இருந்தன.