அண்ணன் தமிழில் சொன்ன நோய்

இரண்டாயிரமாவது ஆண்டு எங்கள் தீவு நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு புலிலேகாவில் எங்கள் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்தது. நிலக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. அண்ணன் அண்ணியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். நான் கணவரோடு தலைநகர் சுவாவை ஒட்டிய நசினுவில் இருந்தேன்.

அண்ணனுக்குப் பல வருடங்களாக வயிற்றெரிச்சல். கரும்பு வெட்டப் போகும்போதும் சட்டைப்பையில் சோடா உப்புப் பொட்டலம் இருக்கும். மிளகாயைக் குறைத்தார், சாயங்காலம் குடிக்கும் கவா என்ற வேர்ப் பானத்தை விட்டார். எரிச்சல் விடவில்லை. "நாடு இருக்கிற இருப்புல யாருக்குத்தான் வயிறு எரியல" என்பார். கவலையால்தான் என்று நாங்களும் நம்பினோம். அப்பா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தவர். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆக்லாந்தில் வேலை செய்யும் இடத்தில் ஒருநாள் மயங்கி விழுந்தார். மலம் தார் போலக் கறுத்துப் போவதை அதுவரை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. மருத்துவமனையில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துச் சதைத் துணுக்கும் எடுத்தார்கள்.

முடிவு தெரிந்ததும் எனக்குப் போன் செய்தார். எங்கள் தீவு இந்தியர்கள் எல்லாரையும் போல வழக்கமாக இந்தியில்தான் பேசுவோம். அன்று தமிழில் தொடங்கினார். தமிழ் தெரியாத பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

"வயித்துல புண்ணு. அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குதாம். சின்ன வயசுலயே வந்து உக்காந்துக்கிச்சாம்."

"மருந்து குடுத்தா போயிடுமா?"

"பூச்சி போயிடும். ஆனா ஒரு ஓரத்துல... அப்பாவுக்கு வந்ததே, அதுதான். ஆரம்பம்தானாம். வெட்டி எடுத்துடலாங்கறாங்க."

கேன்சர் என்ற சொல் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால்தான் அப்பாவை இழுத்தார். நான் ரிசீவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அழுவாத, கேளு. இந்தப் பூச்சி ஒரே வூட்டுல வளந்தவங்களுக்கு ஒட்டிக்கிமாம். நீயும் போய்ப் பாத்துடு."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா."

"இல்லாட்டியும் பாரு. எனக்காகப் போ."

சுவாவில் பரிசோதித்தபோது எனக்கும் அந்தக் கிருமி இருந்தது. இது உள்ள பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வராது, ஆனால் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்திருப்பதால் விட்டுவைக்க வேண்டாம் என்றார் டாக்டர். இரண்டு வாரம் மாத்திரை. எதைத் தின்றாலும் வாயில் இரும்பு ருசி. ரொட்டி, பருப்பு எல்லாம் கணவரே சமைத்தார். பிறகு மறுபடி பார்த்தபோது கிருமி போயிருந்தது.

அண்ணனுக்கு வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மறுவருடம் போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது. ஆபரேஷனுக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாராம். "நான் தமிழ்ல பேசினப்பவே ஏதோ பெரிசுன்னு கண்டுக்கிட்டாங்க" என்று சிரித்தார்.

அண்ணி சின்னக் கிண்ணத்தில் சோறு வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நன்றாக மென்று தின்றார். எங்கள் தட்டுகள் எப்போதோ காலியாகிவிட்டன. அவர் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.